நீ கலந்து கொடுத்த காப்பி

பாப்பா,

வருகிற ஞாயிற்றுக்கிழமை நீ பினாங்குக்குப் பஸ் ஏறுகிறாய். ஒரு வாரமாக உன் அம்மா உன் பெட்டியைத் திறப்பதும் மூடுவதுமாக இருக்கிறாள். எலுமிச்சை ஊறுகாயை உள்ளே வைக்கிறாள். உனக்கு உப்பு கூடாது என்ற நினைவு வந்ததும் வெளியே எடுக்கிறாள். மறுநாள் அதே ஊறுகாய் வேறொரு டப்பாவில் உள்ளே போகிறது. நான் அந்தப் பக்கமே போகவில்லை. எனக்குப் பஸ் ஓட்டத் தெரியும், பெட்டி அடுக்கத் தெரியாது. ஆனால் நீ போவதற்கு முன் உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. நேரில் சொல்ல ஆரம்பித்தால் நீ பேச்சை மாற்றுவாய், இல்லையென்றால் நான் இருமிக்கொண்டே எழுந்து வாசலுக்குப் போய்விடுவேன். அதனால் எழுதுகிறேன். இதை வேறு யார் படித்தாலும் எனக்குக் கூச்சமில்லை. நம்மைப் போல ஒரு வீட்டில் யாராவது ஒரு குவளையை முன்னால் வைத்துக்கொண்டு குடிக்க முடியாமல் உட்கார்ந்திருந்தால், அவர்களுக்கும் இது உதவட்டும்.

இன்று காலையும் நீதான் எனக்குக் காப்பி கலந்தாய். கஃபீன் நீக்கிய காப்பித்தூள், அதில் ருசி எதுவும் சேர்க்காத புரோட்டீன் மாவு, சீனி கிடையாது. குடித்துவிட்டுக் குவளையைக் கழுவி வைத்தேன். பேப்பர் பார்த்தேன். யாராவது பார்த்திருந்தால் ஒரு சாதாரணக் காலை என்றுதான் சொல்லியிருப்பார்கள். ஆனால் அந்தக் குவளை இல்லாமல் போயிருந்தால் நான் எங்கே இருந்திருப்பேன், நீ எங்கே இருந்திருப்பாய் என்று ஒவ்வொரு காலையும் எனக்குத் தோன்றாமல் இருந்ததில்லை.

காப்பி விஷயத்தில் நான் எப்படிப்பட்ட ஆள் என்பது உனக்குத் தெரியும். நம் ஊர் கூலாயிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு சிங்கப்பூர் தொழிற்சாலைகளுக்குப் போகிற பஸ் என்னுடையது. விடிவதற்கு வெகுநேரம் முன்பே பஸ்ஸை எடுத்தாக வேண்டும். பழைய பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சீனர் காப்பிக்கடை முதலாளி, நம் தவுக்கே, என் விளக்கு வெளிச்சம் திரும்புவதைப் பார்த்ததும் காப்பியைப் பையில் ஊற்றிக் கயிறு கட்டத் தொடங்கிவிடுவார். தார் மாதிரி கறுத்த காப்பி, அதில் தாராளமாக டின்பால். அந்தப் பையை ஸ்டியரிங் பக்கத்துக் கொக்கியில் தொங்கவிட்டு, சிங்கப்பூருக்குப் போகும் பாலத்து நெரிசலில் நிற்கும்போதெல்லாம் உறிஞ்சுவேன். அக்கரையில் ஆட்களை இறக்கிவிட்ட பிறகு ஒன்று, திரும்பி வந்ததும் ஒன்று, மதியம் தூங்கி எழுந்தால் ஒன்று, மாலை ஆட்களைக் கூட்டிவரப் போகும்போது ஒன்று. தூக்கம் வராமலிருக்க என்று தொடங்கியது, பிறகு எதற்கு என்றே தெரியாமல் தொடர்ந்தது. உடம்பு பருத்துக்கொண்டே போனது. என் எடைக்கு டிரைவர் இருக்கை ஒரு பக்கம் அமுங்கிக் கிடந்தது. ஆட்கள் என்னைப் 'பெரியண்ணே' என்றுதான் கூப்பிட்டார்கள். எனக்கு அதில் வருத்தம் இருந்ததில்லை. நன்றாகச் சாப்பிடுகிற, நன்றாகச் சிரிக்கிற ஆள் என்றுதான் என்னை நானே நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு நீ தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தாய். கட்டட வரைகலைப் படிப்பில் இரண்டாம் ஆண்டு. முகம் ஊதியிருந்தது. விடுதிச் சாப்பாடு என்றாள் அம்மா. செருப்பைக் கழற்றியபோது அதன் வார் பதிந்த இடம் உன் காலில் பள்ளமாக அப்படியே நின்றது. அதை நான் பார்த்தேன். கூலாய் கிளினிக்கிலிருந்து ஜொகூர் பாருவுக்கு அனுப்பினார்கள். இரண்டு சிறுநீரகமும் சுருங்கிவிட்டன என்று அங்கே சொன்னார்கள். படிப்பை நிறுத்தினாய். வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் நிலையத்தில் படுத்தாய். காலைப் பயணம் முடிந்து வந்து நான் உன்னைக் காரில் கொண்டுபோய் விடுவேன். ரத்தம் ஏறி இறங்குகிற அந்தக் குழாய்களைப் பார்க்க எனக்குத் தைரியம் இருக்காது. வெளியே மரத்தடியில் நிற்பேன்.

ஊசியைவிட உன்னை அதிகமாக வாட்டியது தாகம். உடம்பில் சேரும் தண்ணீர் வெளியே போக வழியில்லாததால், ஒரு நாளைக்கு இவ்வளவுதான் குடிக்கலாம் என்று அளந்து கொடுத்துவிட்டார்கள். ஒரு சின்ன போத்தலில் சிவப்பு டேப்பை ஒட்டி, காலையில் அதுவரை தண்ணீர் பிடித்து வைப்பாய். சூப், பால், மாத்திரை விழுங்குகிற தண்ணீர் எல்லாம் அந்தக் கணக்குக்குள்தான். நம் ஊர் வெயிலில் அதை வைத்துக்கொண்டு ஒரு நாளை ஓட்டினாய். பனிக்கட்டியை வாயில் போட்டுக்கொண்டு நீ கண்ணை மூடி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால், நான் கையில் வைத்திருக்கும் காப்பிப் பையைப் பின்னால் மறைத்துக்கொள்வேன்.

உனக்கு யார் சிறுநீரகம் கொடுக்கலாம் என்று பார்த்தார்கள். அம்மாவுக்கு இனிப்பு நீர், சர்க்கரை வியாதி, அதனால் அவளை முதல் நாளே ஒதுக்கிவிட்டார்கள். என் ரத்தம் உன் ரத்தத்தோடு ஒத்துப்போனது. ரத்த அழுத்தம் பரவாயில்லை. அறிக்கையைப் படித்துக்கொண்டே வந்த டாக்டர் கடைசியில் தலையை நிமிர்த்தி என் வயிற்றைப் பார்த்தார். அவர் தமிழர், மறைத்துப் பேசத் தெரியாதவர்.

"அண்ணே, இந்த ஒடம்போட உங்கள மேசையில படுக்க வைக்க முடியாது. உங்களுக்கே ஆபத்து. மிச்சம் இருக்கிற ஒரு கிட்னியும் பின்னால கெட்டுப் போயிடலாம். எடய கொறச்சிட்டு வாங்க, பாப்போம்."

குறைக்கப் பார்த்தேன். திடலைச் சுற்றி நடந்தேன். சோற்றை விட்டேன். கொஞ்சம் இறங்கும், பிறகு அப்படியே திரும்பி வந்து உட்கார்ந்துகொள்ளும். என் முட்டி வீங்கியதுதான் மிச்சம். ஒரு வருடம் அப்படிப் போனது. அப்போதுதான் அதே டாக்டர், இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்துச் சுருக்கும் அறுவை சிகிச்சை ஒன்று இருக்கிறது, அதைச் செய்துகொண்டு எடை இறங்கி நின்றால் மறுபடி பரிசோதிக்கலாம் என்றார். நிச்சயமாக நடக்கும் என்று அவர் வாக்குக் கொடுக்கவில்லை. எனக்கு அந்த 'பரிசோதிக்கலாம்' என்ற ஒரு சொல் போதுமாக இருந்தது.

உனக்குப் போதவில்லை. டயாலிசிஸ் முடிந்து திரும்பும்போது காரில் சொன்னேன். நீ சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டாய்.

"எனக்காக ஒரு தடவ வயித்த கீறுறதே வேணாங்கறேன். இப்ப ரெண்டு தடவயாப்பா?"

"மொத தடவ எனக்காகத்தான் செஞ்சிக்கிறேன். முட்டி வலி போவும்லா."

"பொய் சொல்லாதீங்க. உங்களுக்கு ஏதாச்சும் ஆயிட்டா நான் அந்தக் கிட்னிய வச்சிக்கிட்டு எப்படி இருப்பேன்? அத யோசிச்சீங்களா?"

"பாத்துக்கலாம்" என்றேன். வீட்டுக்கு வந்து காரை நிறுத்தியதும் கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போனாய். அதன் பிறகு மாதக்கணக்கில் நீ என்னோடு பேசவில்லை. கோபம்தான், ஆனால் அதற்குள் இருந்தது பயம் என்று எனக்குத் தெரியும். நானும் பயந்துதான் இருந்தேன்.

ஆபரேஷனுக்கு முன்பே காப்பியை விடச் சொன்னார்கள். முதலில் எனக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை. வயிற்றை வெட்டுவதற்குப் பயப்பட வேண்டிய ஆள் காப்பிக்கா பயப்படுவான்? ஆனால் விட்ட மறுநாளே தலைக்குள் யாரோ தகரத்தைத் தட்டுவது போல வலி. பாலத்தில் நிற்கும்போது கொட்டாவி கொட்டாவியாக வந்தது. கண்ணில் தண்ணீர் வழிந்தது. நான் ஓட்டுவது சரியில்லை என்று எனக்கே தோன்றி, தலைவலி தெளியும்வரை வேறொருவரிடம் பஸ்ஸைக் கொடுத்தேன். தவுக்கே பழக்கத்தில் பையைக் கட்டி நீட்டினார். வேண்டாம் என்றதும் நம்பவில்லை. "அலமாக், உங் கோப்பி நாங் யாருக்குக் குடுக்கும்?" என்று தமிழும் மலாயும் கலந்த அவருடைய பாஷையில் கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். பையைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய், கடைக்குள்ளிருந்து ஒரு ஆரஞ்சுப் பழத்தைக் கொண்டுவந்து கையில் வைத்தார். மகளுக்கு என்றார். உனக்கு ஆரஞ்சு கூடாது, அதில் பொட்டாசியம் என்று அவருக்கு எப்படித் தெரியும்? வாங்கிக்கொண்டேன். அன்று அது எனக்குப் பெரிய மரியாதையாக இருந்தது.

ஆபரேஷன் நன்றாகத்தான் நடந்தது. அதற்குப் பிறகுதான் சிக்கல். மிஞ்சிய இரைப்பை ஒரு வாழைப்பழம் அளவுதான் என்றார்கள். முதல் வாரங்களில் எல்லாமே தண்ணீர் ஆகாரம். அதிலும் புரோட்டீன் போய்ச் சேர வேண்டும், இல்லையென்றால் கொழுப்புக்குப் பதில் சதை கரையும், முடி கொட்டும், வெட்டிய இடம் ஆறாது. உணவு ஆலோசகராக இருந்த மலாய்க்காரப் பெண் இதையெல்லாம் பொறுமையாக விளக்கி, ஒரு டின் புரோட்டீன் மாவைப் பரிந்துரைத்தார். வெனிலா வாசம். ஒரே இனிப்பு. ஒரு வாய் உள்ளே போகும், இரண்டாவது வாய் வெளியே வரும். சாக்லெட் வாசத்தில் வாங்கிப் பார்த்தாள் அம்மா, அதுவும் அப்படித்தான். பச்சைத் தண்ணீர்கூட நெஞ்சில் கல் மாதிரி நின்றது. குடிக்கிறேன் குடிக்கிறேன் என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டு குவளையை வைத்தபடி உட்கார்ந்திருப்பேன். ஒரு நாள் காலை குளியலறையில் தலை சுற்றி விழுந்தேன். மறுபடியும் ஆஸ்பத்திரி. உடம்பில் தண்ணீரே இல்லை என்று டிரிப் ஏற்றினார்கள்.

நீ அன்று டயாலிசிஸ் முடிந்து நேராக வார்டுக்கு வந்தாய். கையில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. கால் தள்ளாடியது. கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து என் கையில் ஏறிக்கொண்டிருந்த தண்ணீரையே பார்த்தாய். உனக்குத் தண்ணீர் அதிகமாகி உடம்பு வீங்கியது, எனக்குத் தண்ணீர் இல்லாமல் உடம்பு வற்றியது. அந்த உணவு ஆலோசகர் வந்து, "என்சிக், இப்படியே போனால் எடை இறங்கினாலும் பலம் இருக்காது. பலமில்லாதவரை யாரும் தானம் கொடுக்க விடமாட்டார்கள்" என்று மலாயில் சொல்லிவிட்டுப் போனார். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அப்போதுதான் நீ மாதக்கணக்கில் பேசாத வாயைத் திறந்தாய்.

"எது குடிச்சா உள்ள போவும்? நெசமா சொல்லுங்க."

"காப்பி."

"காப்பி கூடாதுன்னு சொல்லிட்டாங்கள்ல."

"நீ கேட்ட, நான் சொன்னேன்."

நீ எழுந்து வெளியே போனாய். கோபித்துக்கொண்டாய் என்று நினைத்தேன். நீ அந்த உணவு ஆலோசகரைத் தேடிப் போயிருக்கிறாய். கஃபீன் நீக்கிய காப்பியாக இருந்தால், கறுத்துக் கடுப்பமாக இல்லாமல், சீனி இல்லாமல் கொஞ்சமாகக் கொடுத்துப் பார்க்கலாம் என்று அவரும் டாக்டரைக் கேட்டுச் சொல்லியிருக்கிறார். திரும்பி வந்து, "ஒரு வழி இருக்கு. ஆனா நான் சொல்றபடி கேக்கணும்" என்றாய். கேட்கிறேன் என்றேன். வேறென்ன சொல்வேன்? மகள் என்னோடு பேசிவிட்டாள்.

கூலாயில் அந்தத் தூள் கிடைக்கவில்லை. ஜொகூர் பாருவில் ஒரு பெரிய பேரங்காடியில் தேடிப் பிடித்தாய். ருசியும் வாசமும் சேர்க்காத மாவையும் அங்கேயே வாங்கினாய். வீட்டுக்கு வந்து முதல் நாள் கொதிக்கிற காப்பியில் மாவைக் கொட்டினாய். முட்டையை உடைத்து ஊற்றிய சூப் மாதிரி திரிதிரியாகத் திரண்டது. அம்மா எட்டிப் பார்த்து, "பால் திரிஞ்சிருச்சா?" என்றாள். நீ அதைக் கொட்டிவிட்டு மறுபடி தொடங்கினாய். சூடு பட்டால் அது வெந்து கட்டிதட்டுகிறது என்று கண்டுபிடித்தாய். மாவை முதலில் பச்சைத் தண்ணீரில் குழைத்து, முட்டை அடிக்கிற கம்பியால் அடித்து, ஆறிய காப்பியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலந்தாய். அப்போது கட்டி இல்லை, ஆனால் மேலே நுரை நின்றது. அந்த நுரை என் வயிற்றில் காற்றாகப் போய் வலித்தது. அடுத்த நாள் நுரை அடங்கும்வரை வைத்திருந்து கொடுத்தாய். மாவு வாசம் வந்தது. ஒரு ஏலக்காயைத் தட்டிப் போட்டாய். ஒரு நாள் கசப்பு கூடிப்போனது, ஒரு நாள் சுண்ணாம்பு மாதிரி இருந்தது. டயாலிசிஸ் இல்லாத நாளெல்லாம் நீ அடுப்படியில்தான் நின்றாய்.

பிறகு ஒரு காலை, சின்னக் குவளையில் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தாய். "ஒரு வாய். அப்புறம் நிறுத்துங்க. கொஞ்ச நேரம் கழிச்சி இன்னொரு வாய்." உறிஞ்சினேன். காப்பிக் கசப்பு நாக்கில் பட்டது. அது என் பழைய காப்பி இல்லை, அதன் தூரத்துச் சொந்தம் என்று சொல்லலாம். ஆனால் உள்ளே போனது. போய் அங்கேயே இருந்தது. நீ என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாய். இரண்டாவது வாய். மூன்றாவது வாய். காலை முழுக்க ஆனது, குவளை காலியானது. அம்மா அந்தக் காலிக் குவளையைக் கவிழ்த்துப் பார்த்தாள். பிறகு சாமி அறைக்குப் போய் விளக்கேற்றினாள்.

இப்போது நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். அதற்குச் சில நாள் கழித்து, தண்ணீர் எடுக்க அடுப்படிக்கு வந்தேன். உனக்கு நான் வந்தது தெரியாது. நீ எனக்காகக் கலந்ததை ஒரு கரண்டியில் எடுத்து வாயில் வைத்தாய். தலையை ஆட்டினாய். இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கலக்கி, மறுபடி ஒரு கரண்டி. சரியாக இருந்தது போல. பிறகு சிவப்பு டேப் ஒட்டிய உன் போத்தலைத் திறந்து, அதே கரண்டியில் அளந்து, உன் தண்ணீரைத் தொட்டியில் கொட்டினாய். எனக்குப் புரியவில்லை.

"ஏம்மா கொட்டற?"

நீ திடுக்கிட்டுத் திரும்பினாய். "உங்க காப்பிய ருசி பாத்தேன்லப்பா. அது என் கணக்குல சேரும்ல."

சர்வசாதாரணமாகச் சொன்னாய். மாவு திரிந்த நாட்கள், நுரை நின்ற நாட்கள், சுண்ணாம்பு மாதிரி இருந்த நாட்கள் எல்லாம் என் கண்முன் வந்தன. அந்த ஒவ்வொரு நாளும் எத்தனை கரண்டி உன் போத்தலிலிருந்து போயிருக்கும்? துப்பியிருக்கலாமே என்று கேட்டேன். "துப்பினா ருசி முழுசா தெரியல. தொண்டையில எறங்கறப்பதான் அந்த மாவு தெரியுது. உங்களுக்குக் கொமட்டறது அங்கதான்" என்றாய். நாக்கு வறண்டு பனிக்கட்டிக்குக் காத்திருக்கிற பிள்ளை நீ, என் தொண்டையில் எது நிற்கும் என்று பார்க்க உன் தண்ணீரைச் செலவு செய்துகொண்டிருந்தாய். நான் குவளையை எடுத்துக்கொண்டு முன்னறைக்கு வந்துவிட்டேன். அன்று குடித்ததை ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை. அதற்குப் பிறகு என்றைக்குமே மிச்சம் வைத்ததில்லை.

உலகம் என் சிறுநீரகத்தைப் பற்றித்தான் பேசுகிறது. கோயிலில், கல்யாண வீட்டில், பஸ்ஸில், எங்கே பார்த்தாலும் 'மகளுக்குக் கிட்னி கொடுத்த அப்பா'. நான் கொடுத்தது மயக்க ஊசி போட்டுக்கொண்டு தூங்கும்போது எடுத்தது. நீ கொடுத்தது விழித்திருந்து, தாகத்தோடு, தினமும் அளந்து கொடுத்தது. இதை யாரிடமும் நான் இதுவரை சொன்னதில்லை. சொல்ல வேண்டும் என்றுதான் இந்தக் கடிதம்.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும். நாம் இருவரும் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்திருப்போம். குடிக்கக் கூடாத நீ, குடித்தே ஆக வேண்டிய நான். நீ கடிகாரத்தைப் பார்த்து, "ம், இப்ப ஒரு வாய்" என்பாய். எடை இறங்கியது. பழைய சிலுவாரை இடுப்பில் கயிறு போட்டுக் கட்டினேன். மறுபடி பஸ் எடுத்த முதல் நாள், ஏறிய பையன் ஒருவன், "பெரியண்ணே வரலியா?" என்று என்னிடமே கேட்டான். தவுக்கே கடையில் நம் தூளிலும் மாவிலும் ஒவ்வொரு டப்பா வாங்கி வைத்துக்கொண்டார். "இது கோப்பி இல்ல, மருந்து" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டேதான் கலந்து தருவார். ஆனால் மாவைப் பச்சைத் தண்ணீரில் முதலில் குழைக்க ஒரு நாளும் அவர் மறந்ததில்லை.

மறுபடி பரிசோதித்தார்கள். எல்லாவற்றிலும் தேறினேன். ஆபரேஷனுக்காகக் கோலாலம்பூருக்குப் போகும் வழியில் யோங் பெங்கில் வண்டியை நிறுத்தினோம், நினைவிருக்கிறதா? அம்மாவுக்குப் பசி. கடை நிறைய ஆட்கள் கரும்புச்சாறும் தேத்தண்ணியும் குடித்துக்கொண்டிருந்தார்கள். நீ காரிலேயே இருந்தாய். நானும் உன்னோடு இருந்தேன். "பயமா இருக்காப்பா?" என்றாய். ஆமாம் என்றேன். "எனக்கும்" என்றாய். பிறகு, "சரி, ரெண்டு பேரும் பயந்துகிட்டே போவோம்" என்று சொல்லிச் சிரித்தாய். அவ்வளவு நாளாக என்னை நிறுத்தப் பார்த்த நீ, அந்த இடத்தில்தான் சம்மதித்தாய் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

ஆபரேஷன் முடிந்து, என்னை நாற்காலியில் வைத்து உன் அறைக் கண்ணாடி வரை தள்ளிக்கொண்டு வந்தார்கள். என்னுடையது உனக்குள் வேலை செய்யத் தொடங்கிவிட்டது என்று சொன்னார்கள். நர்ஸ் மிஸி ஒரு பெரிய ஜக்கில் தண்ணீர் கொண்டுவந்து வைத்து, இனிமேல் நிறையக் குடிக்க வேண்டும், இந்தப் புதுக் கிட்னிக்குத் தண்ணீர் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள். நீ குவளையை இரண்டு கையாலும் பிடித்தாய். ஒரு வாய் குடித்தாய். நிறுத்தினாய். பழக்கத்தில் குவளையை மேசையில் வைக்கப் போனாய். பிறகு கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாய். சத்தம் கேட்காது, ஆனால் உன் உதடு அசைந்தது புரிந்தது. இன்னும் குடிக்கலாமா என்று கேட்டாய். நான் தலையை ஆட்டினேன். முழுக் குவளையையும் குடித்தாய். மறுபடி ஊற்றினாய். கண்ணீர் வழிய வழியக் குடித்தாய். எத்தனையோ கோயிலில் நின்று கும்பிட்டிருக்கிறேன், பாப்பா. அந்தக் கண்ணாடிக்கு முன்னால் கும்பிட்டதுபோல் எங்கேயும் கும்பிட்டதில்லை.

இப்போது அறிவுரை. அப்பன் கடிதம் எழுதினால் அது இல்லாமல் இருக்குமா? மாத்திரையை நேரம் தவறாமல் போடு. பரீட்சை, பிரண்ட்ஸ் பிறந்தநாள், எதுவும் அதற்குக் காரணமாகக் கூடாது. காய்ச்சல் என்றால் பொறுத்துப் பார்க்காதே, ஆஸ்பத்திரிக்குப் போ. பினாங்குச் சாப்பாடு பேர்போனது. வேகாததையும் திறந்து வைத்ததையும் மட்டும் விட்டுவிடு. வயிற்றுத் தழும்பை யாரிடமும் மறைக்க வேண்டியதில்லை. உன்மேல் பிரியம் வைத்து ஒருவன் வந்தால் முதலிலேயே சொல்லிவிடு. அதைக் கேட்டு எழுந்து போகிறவன் போகட்டும், நேரம் மிச்சம்.

இன்னொன்று. அம்மாவிடம் நீ சொன்னதை நான் கேட்டேன். படிப்பைத் தொடர இடம் கிடைத்த அன்று, "அப்பாவ இப்படி விட்டுட்டு எப்படிம்மா போறது? இங்கேயே பக்கத்துல செடெனாக்ல வேல தேடிக்கிறேன்" என்றாய். அவள் உன்னை ஒருவழியாகச் சம்மதிக்க வைத்தாள். ஆனால் உன் முகத்தில் அது இன்னும் இருக்கிறது. நீ எனக்குக் கடன்பட்டவள் போல நடந்துகொள்கிறாய். நான் எது சொன்னாலும் சரி என்கிறாய். எனக்காகத் தொலைக்காட்சியை மாற்றுகிறாய். கதவைக்கூட மெதுவாகச் சாத்துகிறாய். வேண்டாம். என்னைப் பரிசோதித்த டாக்டர் ஒன்று சொன்னார். ஈரலில் கொழுப்பு படிந்திருந்ததாம், சர்க்கரை எல்லைக் கோட்டில் நின்றதாம், இப்போது இரண்டும் சீராகிவிட்டதாம். அப்படியே விட்டிருந்தால் சில வருடத்தில் நானே உன் பக்கத்துக் கட்டிலில் டயாலிசிஸுக்குப் படுத்திருப்பேன் என்றார். இன்று நான் குனிந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டுகிறேன். பஸ் படியில் ஏறினால் மூச்சு வாங்குவதில்லை. அசல் காப்பி கொஞ்சம் குடிக்கலாம் என்று டாக்டர் அனுமதி கொடுத்த பிறகும் நான் அந்தப் பக்கம் போகவில்லை. ஒரே ஒரு சிறுநீரகம் உள்ளவன் என்று மாவைத்தான் பாதியாகக் குறைத்திருக்கிறார்கள். உன் கைப்பக்குவத்தை நானும் கற்றுக்கொண்டுவிட்டேன். உனக்காக இதில் இறங்கியதால்தான் நான் பிழைத்தேன். அதனால் நன்றி சொல்ல வேண்டியவன் நான். இதோ சொல்கிறேன். நன்றி, பாப்பா. நம் வீட்டில் யாரும் யாருக்கும் இப்படிச் சொல்லிக்கொண்டதில்லை. எழுதும்போது கை கூசத்தான் செய்கிறது. இருந்தாலும் எழுதிவிட்டேன்.

நேற்று சாயந்தரம் நடந்ததையும் சொல்லி முடிக்கிறேன். கூரையில் தண்ணீர்த் தொட்டியின் மூடி காற்றில் கழன்று கிடந்தது. ஏணியைச் சாய்த்து ஏறினேன். பாதி ஏறியிருப்பேன், வாசலிலிருந்து உன் குரல்.

"எறங்குங்க. எறங்குங்கன்னு சொல்றேன்லப்பா. பஸ்ஸுல நாப்பது பேர பத்திரமா கொண்டு போவத் தெரியும், சொந்த ஒடம்ப பாத்துக்கத் தெரியாதா? யார் உங்கள ஏறச் சொன்னது? அடுத்த வீட்டுப் பையன கூப்பிட்டா வரமாட்டானா? வயசுக்கேத்த மாதிரி நடந்துக்குங்க லா."

அடுத்த வீட்டுக்காரர்கள் வெளியே வந்து பார்த்தார்கள். நான் இறங்கினேன். நீ ஏணியை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய்ப் பின்கட்டில் போட்டுவிட்டு, உள்ளே போய்க் கதவை அடித்துச் சாத்தினாய். வீடே அதிர்ந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு நீ என்னைத் திட்டியது அதுதான் முதல் தடவை. நான் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அம்மா வந்து என் முகத்தைப் பார்த்து, "திட்டு வாங்கிட்டு இப்படி ஒக்காந்து சிரிக்கிற ஆள நான் பாத்ததே இல்ல" என்றாள்.

அந்தக் குரலோடு போய் வா, பாப்பா. உரக்கப் பேசு, பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று சொல், கட்டடம் கட்டு. லீவுக்கு வரும்போது நான் ஏதாவது ஏணியில்தான் நிற்பேன்.

உன்
அப்பா